மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

ஒரு விதையையும் ஒரு பெரிய மரக்கட்டையையும் மேசைமேல் வைத்து, "இது அதுவாக வளர்ந்தது. இடையில் கூடிய எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் வகுப்பு தயங்கவே தயங்காது. பாதிப் பேர் மண் என்பார்கள், மீதிப் பேர் தண்ணீர் என்பார்கள். யாராவது ஒருவர் காற்று என்று சொல்லிவிட்டால் சிரிப்பு எழும். அதே மாணவர்களிடம் ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு, நீர், சூரிய ஒளி, குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்கள். சமன்பாடு மனப்பாடமாகிவிட்டது. அது எதிரே கிடக்கும் மரக்கட்டையைப் பற்றியது என்பது மட்டும் மனதில் ஏறவில்லை.

இதைச் சிறுவர்களின் குறையாகவும் கொள்ள முடியாது. ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் 1997இல் வெளியிட்ட ஓர் ஆவணத் தொடரில், பட்டமளிப்பு அங்கியோடு நின்ற ஹார்வர்ட், எம்ஐடி ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. அவர்களும் மண், நீர் என்றுதான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பதினாறு ஆண்டுப் படிப்பு அந்த ஒரு நம்பிக்கையை அசைக்காமலே கடந்து போயிருக்கிறது.

உயிரியல் பாடத்துக்கு வண்ணப்படம், மாதிரி, விளையாட்டு, காணொளி என்று எவ்வளவோ கற்றல் வளங்கள் இன்று கிடைக்கின்றன. எல்லாவற்றின் மேலும் 'ஈர்க்கக்கூடியது' என்ற முத்திரை இருக்கும். ஆனால் ஒரு வளத்தை எடைபோட நான் கேட்கும் கேள்வி வேறு. மாணவர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் தவறான எண்ணத்தை அது வெளியே இழுத்துப் போடுகிறதா? அதைச் செய்யாத வளம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த எண்ணத்தின் மேல் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

மரத்துக்கே திரும்புவோம். பிளெமிஷ் மருத்துவர் ஜான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் இந்தக் கேள்வியைத் தராசில் வைத்துப் பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டு, கூடவே சில அவுன்சு. மண்ணில் குறைந்திருந்தது ஏறக்குறைய இரண்டே அவுன்சு. ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648இல், இது அச்சில் வந்தது.

இந்த எண்களை மட்டும் மாணவர் கையில் கொடுத்து, முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அதுவே ஒரு முழு வகுப்புக்கான வளம். மண் என்ற விடை தானாகவே விழுந்துவிடும். அடுத்து, "தண்ணீர் என்று அவர் சொன்னது சரியா? அவர் அளக்க மறந்தது எதை?" என்ற கேள்வி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இதே வான் ஹெல்மான்ட். கரி எரியும்போது வெளிவரும் வாயுவைப் பற்றி எழுதியவரும் அவர்தான். இன்று அதைக் கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். தன் மரம் எதைத் தின்று வளர்ந்ததோ அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தவர், தன் தொட்டிக்கு மேலே அது இருப்பதைக் காணவில்லை. இவ்வளவு பெரிய மனிதரே தவறவிட்டார் என்று தெரியும்போது தப்பாகச் சொன்ன மாணவருக்கு வெட்கம் குறைகிறது. அடுத்த முறை வாயைத் திறக்கத் துணிவும் வருகிறது.

முதலில் ஊகி, பிறகு பார்

ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் இருவரும் 1992இல் விளக்கிய ஒரு முறை உண்டு: ஊகி, கவனி, விளக்கு. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் பெரும்பாலான செய்முறை வகுப்புகள் நடுவிலிருந்தே தொடங்குகின்றன. சோதனை நடக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள், "பார்த்தீர்களா?" என்கிறார் ஆசிரியர், "பார்த்தோம்" என்கிறார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டி எழுதி வைக்காதவருக்கு எது நடந்தாலும் வியப்பில்லை. "இதைத்தான் நானும் நினைத்தேன்" என்று மனம் அவசரமாகத் திருத்தி எழுதிக்கொள்ளும்.

ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தை வைத்துச் செய்யும் சோதனையை எடுத்துக்கொள்வோம். நீரில் மூழ்கிய தண்டின் வெட்டுமுனையிலிருந்து குமிழிகள் கிளம்புகின்றன. பாடநூல் இதை ஆக்சிஜன் வெளிவருகிறது என்பதற்கான காட்சியாக வைத்து நிறுத்திக்கொள்ளும். விளக்கை இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் நிமிடத்துக்கு எத்தனை குமிழி வரும் என்று முதலில் எழுதச் சொன்னால் கதை மாறுகிறது. பலர் "பாதியாகும்" என்று எழுதுவார்கள். சிறு விளக்கிலிருந்து வரும் ஒளி, தூரம் இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகிவிடும். எண்ணிக்கை பெரும்பாலும் ஊகத்தோடு பொருந்தாது, அந்தக் கணத்தில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கரைத்தால் குமிழிகள் ஏன் கூடுகின்றன என்பது அடுத்த கேள்வி. சோடாவிலிருந்து கிடைப்பது கார்பன். அதைச் செடி பயன்படுத்திக்கொள்கிறது என்றால், மரக்கட்டை மறுபடி மேசைக்கு வந்துவிட்டது.

கூர்மையான மாணவர் ஒருவர், விளக்கு கிட்டே வரும்போது தண்ணீரும் சூடாகிறதே, கூடியது ஒளியாலா, வெப்பத்தாலா என்று கேட்கக்கூடும். கேட்டால் அன்றைய பாடம் அதுதான். விளக்குக்கும் செடிக்கும் நடுவே தண்ணீர் நிரம்பிய ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்து வெப்பத்தைத் தடுக்கலாம் என்ற யோசனை அந்த வகுப்பிலிருந்தே வரும்வரை காத்திருப்பது, பாடத்திட்டத்தில் இன்னும் இரண்டு பக்கம் தாண்டுவதைவிட மேல்.

மாதிரி எங்கே பொய் சொல்கிறது?

பாட்டிலுக்குள் இரண்டு பலூன், அடியில் ஒரு ரப்பர்த் தாள். தாளை இழுத்தால் பலூன் உப்பும், விட்டால் சுருங்கும். நுரையீரல் எப்படிக் காற்றை இழுக்கிறது என்பதற்கு இதைவிடச் சுலபமான மாதிரி கிடையாது. காற்று உள்ளே வருவதால் மார்பு விரிகிறது என்ற பிழையான எண்ணத்தை அது அழகாகக் கவிழ்க்கிறது: முதலில் இடம் பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது, அதனால்தான் காற்று நுழைகிறது. அது வரைக்கும் சரி.

ஆனால் அதே மாதிரி நான்கைந்து புதிய பிழைகளை ஓசையின்றி நட்டுவிட்டும் போகிறது. நுரையீரல் பலூன்போல் வெற்றுப் பை என்று தோன்றும். உண்மையில் அது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் கொண்ட பஞ்சு போன்ற உறுப்பு. பலூனுக்கும் பாட்டிலுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் தெரிகிறது. உடலில் அங்கே இருப்பது மெல்லிய திரவப் படலம் மட்டுமே. பாட்டிலின் சுவர் அசையாது, விலா எலும்புகளோ அசைகின்றன. ரப்பர்த் தாள் தட்டையாக இருந்து கீழே குழிகிறது. அது குறிக்கும் உதரவிதானமோ, அதாவது நுரையீரலுக்குக் கீழே உள்ள தசையோ, குவிமாடம்போல் மேலே வளைந்திருந்து, சுருங்கும்போது தட்டையாகிறது.

இதற்காக மாதிரியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இந்த மாதிரி எங்கெல்லாம் பொய் சொல்கிறது என்று மாணவரையே பட்டியலிடச் சொல்வது, என் கணிப்பில், மாதிரியைச் செய்யச் சொல்வதைவிட இரண்டு மடங்கு பயன் தரும். உண்மை உறுப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்தால்தானே பொய்யைக் கண்டுபிடிக்க முடியும்? சிவப்பு, நீலம் என்று இரத்தக் குழாய்களுக்கு நிறம் தீட்டிய படத்துக்கும் இதுவே வைத்தியம். நீல நிற இரத்தம் என்று ஒன்று மனித உடலில் இல்லை. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பு. படத்தின் வசதிக்காகத் தீட்டிய நீலத்தை உடலின் நிறமாகவே நம்பிக்கொண்டு வளர்ந்தவர்கள் ஏராளம்.

எல்லா மாதிரிகளிலும் அதிகமாகப் பொய் சொல்வது செல் மாதிரிதான். களிமண்ணிலோ தெர்மாகோலிலோ ஒரு வட்டம், நடுவே உருண்டையாக உட்கரு, சுற்றிலும் தூவினாற்போல் நான்கு மைட்டோகாண்ட்ரியா. செல் என்பது தட்டையான, காலியான ஓர் இடம் என்று கண் கற்றுக்கொள்கிறது. அளவு விகிதம் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.

மாற்றாக வகுப்பறையையே செல்லாக்கலாம். செலவே இல்லை. 20 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு விலங்குச் செல்லை 10 மீட்டர் நீள அறையாகக் கற்பனை செய்தால், எல்லாவற்றையும் 5 லட்சம் மடங்கு பெருக்குகிறோம். மீதியை மாணவர்களே கணக்கிடட்டும். உட்கரு 6 மைக்ரோமீட்டர் என்றால் அறை நடுவே 3 மீட்டர் உருண்டை. ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மைட்டோகாண்ட்ரியா அரை மீட்டர் தடிமனாகிறது, அதாவது ஒரு பெரிய தலையணை அளவு. 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியா ஒரு மீட்டர். 100 நானோமீட்டர் வைரஸ் 5 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும் பந்து. பாக்டீரியாவும் வைரஸும் 'கிருமி' என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடந்தவை. இங்கே முதன்முறையாகப் பிரிந்து நிற்கும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் ஒரு கோலிக்குண்டைவிடச் சற்றுச் சிறியது. அறையின் சுவராகிய செல் சவ்வு சில மில்லிமீட்டர் தடிமன்தான்.

கடைசியாக டிஎன்ஏ. அதன் தடிமன் 2 நானோமீட்டர், இந்த அறையில் ஒரு மில்லிமீட்டர் நூல். ஒரு மனிதச் செல்லில் உள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டினால் சுமார் 2 மீட்டர். 5 லட்சத்தால் பெருக்கினால் 1,000 கிலோமீட்டர் நூல். அந்த 3 மீட்டர் உருண்டைக்குள் 1,000 கிலோமீட்டர் நூல் கொள்ளுமா? முடியவே முடியாது என்று வகுப்பு சத்தியம் செய்யும். உருளையின் கன அளவுச் சூத்திரத்தைப் போட்டால் நூலின் மொத்தக் கன அளவு ஒரு கன மீட்டருக்கும் குறைவு. உருண்டையோ 14 கன மீட்டர். தாராளமாகக் கொள்ளும். சிக்கல் இடத்தில் இல்லை, சிக்கு விழாமல் சுற்றி வைப்பதில் இருக்கிறது. குரோமோசோம் எதற்கு என்ற கேள்வி அங்கே தானாகவே பிறக்கும். இதே கணக்கில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மாணவரின் உயரம் 750 கிலோமீட்டர். இதைச் சொல்லும்போது வகுப்பில் கிளம்பும் சத்தத்தை அடக்கத் தேவையில்லை.

பழத்தை நசுக்கி, சோப்பு நீரும் உப்பும் சேர்த்து வடிகட்டி, மேலே குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றி டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் செய்முறையும் எல்லோருக்கும் பிடித்ததே. வெள்ளை நூல்கள் மிதந்து எழும்போது வரும் பரவசம் நிஜமானது. ஆனால் பாடநூல் படத்தில் டிஎன்ஏ முறுக்கிய ஏணிபோல் இருந்ததை நினைத்து, சோதனைக் குழாயை உயர்த்திப் பிடித்து "ஏணி எங்கே தெரிகிறது?" என்று தேடும் மாணவரை யாராவது கவனிக்க வேண்டும். கண்ணில் படுவது எண்ணற்ற மூலக்கூறுகள் திரண்ட கட்டி, புரதமும் கலந்தது. வகுப்பறை அளவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நாக்கைச் சுருட்டிய கதை

மரபியல் பாடம் வந்ததும் "நாக்கைச் சுருட்ட முடிகிறவர்கள் கை தூக்குங்கள்" என்பது உலகெங்கும் வழக்கம். ஒரே மரபணு, ஓங்கு பண்பு, முடிந்தது. இதைத் தொடங்கிவைத்தவர் சாதாரண ஆளல்ல. குரோமோசோமில் மரபணுக்களின் வரிசையை முதன்முதலில் வரைபடமாக்கிய ஆல்ஃபிரட் ஸ்டர்டிவண்ட், 1940இல் நாக்குச் சுருட்டலை மரபுவழிப் பண்பாக முன்வைத்தார். 1952இல் பிலிப் மேட்லாக் 33 ஜோடி ஒத்த இரட்டையர்களைச் சோதித்தபோது, 7 ஜோடிகளில் ஒருவரால் முடிந்தது மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணுத் தொகுதி கொண்டவர்களிடமே வேறுபட்டால் அதை ஒற்றை மரபணுவின் வேலை என்று எப்படிச் சொல்வது? ஸ்டர்டிவண்ட்டே பின்வாங்கினார். சில நூல்களில் அது இன்னமும் நிலைநாட்டப்பட்ட மெண்டலியப் பண்பாக, அதாவது ஒற்றை மரபணுவால் வருவதாக இருப்பது தனக்குச் சங்கடமாக உள்ளது என்று 1965இல் எழுதினார். அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வகுப்புகளில் நாக்குகள் இன்னும் சுருண்டுகொண்டுதான் இருக்கின்றன.

இது வெறும் தகவல் பிழையாக நின்றுவிட்டால் பரவாயில்லை. வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா இருவரையும் நாக்கைச் சுருட்டச் சொல்லி, இருவராலும் முடியாமல், தன்னால் மட்டும் முடிவதைப் பார்க்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். சுவாரசியத்துக்காகச் சொன்ன ஒன்று அந்தக் குழந்தையைத் தன் பிறப்பையே சந்தேகிக்க வைக்கும். ஆசிரியர் அந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டும் என்றுகூட நான் சொல்லமாட்டேன். கைகளை எண்ணிவிட்டு மேட்லாக்கின் இரட்டையர் எண்களைக் கரும்பலகையில் எழுதட்டும். மரபியலில் எது சான்று, எது சான்றல்ல என்பதைக் காட்ட அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பரிணாமத்துக்கு வழக்கமாக விளையாடப்படும் அந்துப்பூச்சி விளையாட்டிலும் இதேபோன்ற ஒரு ஓட்டை உண்டு. செய்தித்தாள் துண்டிலும் கருந்தாளிலும் வெட்டிய பூச்சிகளைச் செய்தித்தாள் மேல் பரப்பி, மாணவர்கள் பறவைகளாகி அரை நிமிடத்தில் எடுக்கக்கூடியதை எடுக்க வேண்டும். கருப்பு முதலில் தீரும். பெரும்பாலும் இதோடு மணி அடித்துவிடும். மாணவர் மனதில் நிற்பது வேட்டை மட்டுமே. மிஞ்சிய பூச்சிகள் இரண்டிரண்டாகப் பெருகி, மறுபடி வேட்டை, மறுபடி பெருக்கம் என்று நான்கைந்து தலைமுறை ஓடினால்தான் இயற்கைத் தேர்வு என்பது என்னவென்று புலப்படும். ஒரு பூச்சிகூடத் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை, கூட்டத்தின் விகிதம் மட்டுமே மாறியது. "ஒளிந்துகொள்ள வேண்டி நிறத்தை மாற்றிக்கொண்டது" என்ற வாக்கியம் மாணவர் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே அந்த விளையாட்டுக்கான தேர்வு.

நிஜ வரலாற்றையும் பக்கத்தில் வைக்கலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில், வெளிர்நிற அந்துப்பூச்சி இனம் ஒன்றில் 1848இல் கருநிறப் பூச்சி பதிவானது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்த இடங்களில் கருநிறமே பெருகியது. பளிச்சென்று தெரியும் பூச்சிகளைத் தின்றுவிடும் பறவைகளே இதற்குக் காரணம் என்ற விளக்கத்தை 1896இல் பூச்சியியலாளர் டட் முன்வைத்தார். உயிரியலாளர் கெட்டில்வெல் 1950களில் அதைச் சோதித்தார். அவருடைய முறைகள் மேல் எழுந்த ஐயங்களுக்குப் பதிலாக மைக்கேல் மஜெரஸ் ஆறு ஆண்டுகள் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். அவர் மறைந்த பிறகு 2012இல் வெளியான முடிவு, பறவை விளக்கத்தையே உறுதிப்படுத்தியது. அறிவியல் தன்னைத் தானே சந்தேகித்துக்கொள்ளும் விதத்தை இந்தக் கதை காட்டுகிறது.

உயிருள்ளவை

உயிரியல் வகுப்பில் உயிருள்ள எதுவுமே இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிடுவது விந்தைதான். காணொளிகளும் கணினி உருவகங்களும் பயனற்றவை அல்ல. நூறு தலைமுறை முயல்களை ஐந்து நிமிடத்தில் ஓட்டிக் காட்ட வேறு வழி இல்லை. ஆனால் திரையில் எல்லாமே எதிர்பார்த்தபடி நடக்கும். உயிர் அப்படி நடப்பதில்லை. முளைக்காத விதை, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவராத பட்டாம்பூச்சி, காரணமின்றி வாடிய செடி எல்லாம் பாடத்தின் பகுதிகள்.

செடிகள் பக்கம் மாணவரைத் திருப்புவது தனிப் பாடு. காட்டுப் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால் மான் என்பார்கள், மானைச் சுற்றியுள்ள நூறு செடிகளைச் சொல்லமாட்டார்கள். இந்தக் குணத்துக்கு வாண்டர்சீ, ஷஸ்லர் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1990களின் இறுதியில் தாவரக் குருட்டுத்தன்மை என்று பெயரிட்டார்கள். செடி அசையாது என்ற எண்ணமே இதற்குப் பாதிக் காரணம். அசைவதைக் காட்டிவிட்டால் போதும். சில பூக்களின் மகரந்தத்தைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் வைத்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மகரந்தக் குழல் நீள்வது தெரியும். இதைப் பார்த்தவர்கள் அடுத்த மணி அடித்தாலும் எழுந்து போகமாட்டார்கள்.

மேசைமேல் இருந்த மரக்கட்டைக்கு இனி கடைசிச் சோதனை. கடுகு போன்ற சிறு விதைகளை எடைபோட்டு மூன்று சம பங்காக்குங்கள். ஒன்று உலர்ந்தபடியே இருக்கட்டும். மற்ற இரண்டையும் ஈரத் தாளில் பரப்பி, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றதை முழு இருட்டிலும் வையுங்கள். மண்ணும் இல்லை, உரமும் இல்லை. பத்து நாளாவது விட வேண்டும். விதையில் சேமித்த உணவு தீர்ந்து, இலை சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கும்வரை வெளிச்சத் தட்டும் நஷ்டத்தில்தான் ஓடும். பிறகு மூன்றையும் எடை மாறாத நிலை வரும்வரை நன்றாக உலர்த்தி நிறுக்க வேண்டும். எது கூடும், எது குறையும் என்று அதற்கு முன்பே ஒவ்வொருவரும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தில் இருந்தது விதையைவிடக் கூடியிருக்கும். தண்ணீர் முழுக்க உலர்ந்துவிட்டதால் அந்தக் கூடுதலுக்குப் பெரும்பங்கு காற்றிலிருந்தே வந்திருக்க வேண்டும். அதுகூடப் பலர் ஊகித்தது. இருட்டில் இருந்த தட்டுதான் வகுப்பைத் திணறடிக்கும். அங்கே விதைகள் முளைத்து, வெளுத்து, நீளநீளமாக வளர்ந்தும் இருந்தன. ஆனால் உலர்ந்த எடையோ தொடங்கிய விதையைவிடக் குறைவு. வளர்ந்தது எப்படி எடை குறையும்?

பெரியவர்களையும் இது திணறடிக்கும். உடல் இளைக்கும்போது கரையும் கொழுப்பு எங்கே போகிறது என்று மருத்துவர்கள், உணவியலாளர்கள், உடற்பயிற்சியாளர்கள் 150 பேரிடம் ரூபன் மீர்மேன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் கேட்டபோது, ஆற்றலாக மாறிவிடுகிறது என்பதே அதிகம் கிடைத்த பதில். 2014இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. இருட்டில் இருந்த நாற்றும் சேமிப்பைச் சுவாசித்தே வாழ்ந்திருக்கிறது. செலவான கார்பன் காற்றுக்கே திரும்பிவிட்டது.

இந்த விளக்கத்தை ஆசிரியர் உடனே சொல்லிவிடக் கூடாது. இருட்டுத் தட்டின் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நின்றால் போதும். "தராசு சரியில்லை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். மறுபடி நிறுக்கட்டும்.